கண்ணோரத்து மஞ்சள் திட்டு: லேசரா, ஆசிடா, கத்தியா? அதற்கு முன் ஒரு கேள்வி

1/
"மேடம், இன்னும் 24 நாள்ல பொண்ணுக்குக் கல்யாணம். அதுக்குள்ள இதை எடுத்துடணும்."

சில மாதங்களுக்கு முன் ஓபியில் ஒரு அம்மா. வயது 46. இரண்டு மேல் இமையிலும், மூக்கை ஒட்டிய ஓரத்தில், வெண்ணெயை விரலால் தொட்டு இழுவின மாதிரி மஞ்சளாக ஒரு திட்டு. அதை மறைக்க மூணு வருஷமாகத் தடிமனான ஃப்ரேம் போட்ட கண்ணாடி போட்டிருக்கிறார். கண்ணில் பவரே கிடையாது. வெறும் கண்ணாடி.

2/
அவர் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பக்கத்து வீட்டில் லேசர் என்றார்களாம். பார்லரில் ஆசிட் வைக்கலாம் என்றார்களாம். கொழுந்தனார் "கத்தி வெச்சு எடுத்தாத்தான் வேரோட போகும்" என்றாராம். ஏதோ ஒரு வீடியோவில் பூண்டு.

"நீங்க சொல்லுங்க, எது பெஸ்ட்?"

நிறைய பேர் கேட்கிற கேள்விதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். நடுவில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லப் போகிறேன். முழுசாகப் படிங்க.

3/
முதலில், இது என்ன?

இதன் பெயர் சாந்தெலாஸ்மா. கிரேக்கத்தில் சாந்தோஸ் என்றால் மஞ்சள், எலாஸ்மா என்றால் தட்டித் தட்டித் தகடாக்கிய உலோகம். மஞ்சள் தகடு! யார் வைத்த பெயரோ, பொருத்தமாக வைத்திருக்கிறார்.

நம் உடம்பில் குப்பை அள்ளுகிற செல்கள் உண்டு. அவை ரத்தக் குழாயிலிருந்து கசிந்த கொலஸ்ட்ராலை விழுங்கி, செரிக்க முடியாமல் உப்பிப்போய், இமைத்தோலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகின்றன. அந்தக் கூட்டம்தான் வெளியே மஞ்சளாகத் தெரிகிறது.

4/
இது பரு இல்லை, சீழ் இல்லை. பிதுக்கினால் எதுவும் வராது. தொற்றாது. புற்றுநோயாக மாறாது. பார்வையையும் பொதுவாகக் கெடுக்காது. ஆனால் தானாகவும் போகாது. மெல்ல மெல்லப் பெரிதாகும், பக்கத்தில் இன்னொன்று வரும்.

நடுத்தர வயதில்தான் அதிகம் பார்க்கிறோம். பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

ஒரு சுவாரசியம்: டாவின்சி வரைந்த மோனா லிசாவின் இடது கண்ணோரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கிறது. அது சாந்தெலாஸ்மாவாக இருக்கலாம் என்று பெல்ஜியம் நாட்டு மருத்துவர்கள் 2004ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆக, இது இருந்தால் அழகில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம் 🙂

5/
சரி, விஷயத்துக்கு வருவோம். எடுக்கிற வழிகள்.

ஒவ்வொன்றாகச் சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் மனசில் இருக்கட்டும்.

ஒன்று, உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல்தான். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் தழும்பு இழுக்கும்.

இரண்டு, நம்முடையது மாநிறம், கருநிறம். காயம் பட்ட இடம் கறுத்துப் போவதோ வெளுத்துப் போவதோ நமக்கு அதிகம். வெள்ளைக்காரர் தோலில் எடுத்த 'முன்னே பின்னே' போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாதீங்க.

6/
வழி 1: கத்தி.

மரத்துப்போக ஊசி போட்டு, திட்டை அப்படியே வெட்டி எடுத்து, மெல்லிய தையல் போடுவது. திட்டு பெரிசாக, தடிப்பாக, ஆழமாக இருந்தால் இதுதான் சரி. வயதானவர்களுக்கு மேல் இமைத்தோல் தொங்கிப் போயிருந்தால், அந்த உபரித் தோலையும் சேர்த்தே எடுத்துவிடலாம். தையல் மடிப்புக்குள் மறைந்துவிடும்.

கீழ் இமையில்தான் கவனம் தேவை. தோலை அதிகம் எடுத்துவிட்டால் இமை கீழே இழுபட்டு வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். கண்ணை முழுசாக மூட முடியாமல், எந்நேரமும் நீர் வடியும். அதனால் இமை அறுவையில் பழக்கமுள்ள கண் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோதான் செய்யணும்.

7/
வழி 2: ஆசிட்.

பயப்படாதீங்க, ட்ரைகுளோரோஅசிட்டிக் ஆசிட் என்று ஒன்று. சுருக்கமாக டிசிஏ. 50 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை பல அடர்த்தியில் பயன்படுத்துகிறோம். மெல்லிய குச்சி நுனியில் தொட்டு, திட்டின் மேல் மட்டும் வைப்போம். சில நொடிகளில் அந்த இடம் உறைபனி மாதிரி வெளுக்கும். எரியும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். பிறகு பொருக்குத் தட்டி, ஒரு வாரம் பத்து நாளில் உதிரும்.

8/
ஆசிடின் நல்ல பக்கம்: செலவு குறைவு. ஊசி, தையல் கிடையாது. தட்டையான, சின்னத் திட்டுக்கு நன்றாகவே வேலை செய்யும்.

கெட்ட பக்கம்: ஒரே தடவையில் முடியாது. சில வார இடைவெளியில் இரண்டு, மூன்று தடவை வரணும். தடித்த திட்டென்றால் இன்னும் அதிகம். வெளுத்த தடமோ கறுத்த தடமோ மிஞ்சலாம். ஒரு சொட்டு கண்ணுக்குள் போனால் கருவிழி வெந்துவிடும். அதனால் பார்லரில் வைத்துக்கொள்ளவே கூடாது. 'மரு உதிர்க்கும் மருந்து' என்று பாட்டிலில் விற்பதையும் கண்கிட்ட கொண்டுபோகக் கூடாது.

9/
வழி 3: லேசர்.

லேசர் என்பது ஒரே மெஷின் இல்லை. இதற்கு அதிகம் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர், அடுத்து எர்பியம் லேசர். இரண்டுமே தோலில் உள்ள தண்ணீரைச் சூடாக்கி, அந்த இடத்தை ஆவியாக்கி, அடுக்கடுக்காகச் சீவி எடுப்பவை. பச்சை குத்தியதை அழிக்கிற லேசர் வேறு வகை. அது இந்தத் திட்டுக்கு அவ்வளவாகப் பலன் தருவதில்லை. எனவே "லேசர் இருக்கு" என்று யாராவது சொன்னால், "எந்த லேசர்?" என்று கேளுங்க.

10/
லேசரின் நல்ல பக்கம்: பெரும்பாலும் ஒரே தடவையில் முடியும். ரத்தம் வராது. எவ்வளவு ஆழம் போகிறோம் என்பது நம் கட்டுப்பாட்டில் இருக்கும். கொஞ்சம் தடித்த திட்டுக்கு ஆசிடைவிட லேசர் மேல்.

கெட்ட பக்கம்: செலவு கூடுதல். சிவப்பு சில வாரம் நிற்கும். நம் தோலில் கருமை வர வாய்ப்பு உண்டு. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு மரத்துப்போகச் செய்து, இமைக்குள் உலோக மூடி வைத்துத்தான் செய்யணும். வெறுமனே "கண்ணை மூடிக்கோங்க" என்று சொல்லி ஆரம்பித்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

11/
வழி 4: ரேடியோ அலைக் கருவி, மின்சூடு.

மெல்லிய முனையில் சூடு வைத்துக் கரைப்பது. லேசர் இல்லாத ஊர்களில் நாங்கள் அதிகம் செய்வது இதுதான். சின்னத் திட்டுக்கு நல்ல பலன். செலவு லேசரைவிடக் குறைவு. செய்கிற கை பழகின கையாக இருக்கணும், அவ்வளவுதான்.

வழி 5: உறைய வைப்பது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். இமை பொதபொதவென்று வீங்கும், நம் நிறத்தில் வெள்ளைத் தடம் விழும். கண்ணைச் சுற்றி நான் இதைச் செய்வதில்லை.

12/
"மாத்திரை போட்டா கரையாதா மேடம்?"

கொலஸ்ட்ரால் மாத்திரையால் சிலருக்குத் திட்டு கொஞ்சம் மங்கியிருக்கிறது. முழுசாக மறைவது அபூர்வம். இமைக்காக அந்த மாத்திரையைக் கொடுப்பதில்லை. அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

13/
"பூண்டு?"

தயவு செய்து வேண்டாம். பச்சைப் பூண்டை நசுக்கித் தோலில் கட்டினால் வெந்துபோகும். நிஜமான தீப்புண் மாதிரி கொப்புளம் வரும். ஒரு கல்லூரிப் பேராசிரியை இரவு முழுக்கப் பூண்டு விழுதை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டித் தூங்கிவிட்டு, காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் வந்தார். புண் ஆறியது. கறுப்புத் தடம் ஒரு வருஷம் இருந்தது. மஞ்சள் திட்டு அப்படியே இருந்தது.

ஆப்பிள் சிடர் வினிகரும் அதே கதைதான். விளக்கெண்ணெய் கெடுதல் செய்யாது, திட்டையும் ஒன்றும் செய்யாது.

14/
சுருக்கமாக:

தட்டை, சின்னது: ஆசிட் அல்லது ரேடியோ அலை.
கொஞ்சம் தடிப்பு, ஒரே தடவையில் முடியணும், செலவு பரவாயில்லை: லேசர்.
பெரிசு, ஆழம், தோல் தொங்கல்: கத்தி.
எந்தத் தொந்தரவும் இல்லை, மனசுக்கும் உறுத்தல் இல்லை: அப்படியே விடலாம். இதுவும் ஒரு வழிதான்.

இன்னொன்று: திட்டு மஞ்சளாக இல்லாமல், கல் மாதிரி கெட்டியாக, வேகமாக வளர்ந்தால், அல்லது புண்ணாகிக் கசிந்தால், அது வேறு ஏதோ. முதலில் சதைப் பரிசோதனை.

15/
எந்த வழியில் எடுத்தாலும் திரும்ப வரலாம். கொழுந்தனார் சொன்ன 'வேர்' என்று எதுவும் அங்கே கிடையாது. 1976ல் வெளிவந்த ஒரு ஆய்வில், கத்தியால் எடுத்தவர்களிலேயே 40 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. இரண்டாவது முறை எடுத்தவர்களுக்கு 60 சதவீதம். ரத்தக் கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கும், நாலு இமையிலும் திட்டு இருந்தவர்களுக்கும் இது இன்னும் கூடுதல்.

"ஒரே சிட்டிங், லைஃப்டைம் கியாரண்டி" என்று போர்டு பார்த்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

16/
இப்போது என் தப்பு.

பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். கிளினிக் ஆரம்பித்த புதிது. 36 வயது வேன் டிரைவர் ஒருவர் வந்தார். நாலு இமையிலும் திட்டு. ஸ்கூல் பிள்ளைகள் "மஞ்சக் கண்ணு மாமா" என்று கூப்பிடுகிறார்களாம். சொல்லிச் சிரித்தார், ஆனால் அது அவரைத் தொந்தரவு செய்தது தெரிந்தது.

மூன்று தடவை ஆசிட் வைத்தேன். அருமையான ரிசல்ட். நானே போட்டோ எடுத்து, நண்பர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

17/
ரத்தப் பரிசோதனை எழுதவில்லை.

எழுத நினைத்தேன் என்பதுதான் கொடுமை. "இப்பதான் மேடம் வண்டி டியூ கட்டினேன், ஆசிடுக்கு மட்டும் எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றார். சரி, அடுத்த தடவை எழுதலாம் என்று விட்டேன். அடுத்த தடவையும் விட்டேன். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதியிருந்தாலே காசில்லாமல் எடுத்திருப்பார். அப்பா இருக்கிறாரா, எப்படி இறந்தார் என்றுகூடக் கேட்கவில்லை. இமையை மட்டுமே பார்த்தேன்.

18/
ஒண்ணே கால் வருஷம் கழித்து அவர் மனைவி, பையனுக்குத் தேமல் என்று அழைத்து வந்தார். "அவர் எப்படி இருக்கார்? திட்டு திரும்ப வந்ததா?" என்று கேட்டேன்.

"திட்டு வரலை மேடம். போன மாசம் ஹார்ட் அட்டாக் வந்துச்சு. ஸ்டென்ட் வெச்சிருக்கு. இன்னும் வண்டி எடுக்க விடலை."

எனக்குக் கை ஓடவில்லை. ஃபைலைக் கொண்டுவரச் சொன்னேன். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 262. அவருடைய அப்பா 41 வயதில் "நெஞ்சு வலிச்சு" இறந்திருக்கிறார்.

19/
இப்போது பெயர் தெரியும்: குடும்ப வழிக் கொலஸ்ட்ரால் நோய். ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கிற ஏற்பி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985ல் நோபல் பரிசு கிடைத்தது. நோய் அபூர்வமும் இல்லை. ஏறக்குறைய 250 முதல் 300 பேருக்கு ஒருவர். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

தேமலுக்கு வந்த அந்த ஒன்பது வயசுப் பையனுக்கும் எடுத்துப் பார்த்தோம். அவனுக்கும் இருந்தது. டிரைவரின் தம்பிக்கும் இருந்தது.

20/
அன்றே டெஸ்ட் எடுத்திருந்தால் அட்டாக் வந்தே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாது. ஆனால் ஒண்ணே கால் வருஷ மாத்திரை அவருக்குக் கிடைத்திருக்கும். அதை நான் கிடைக்கவிடவில்லை.

அவர் முகத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தது. படிக்காமலே சுத்தமாக அழித்துக் கொடுத்து, அதற்குக் காசும் வாங்கினேன்.

21/
அவரைப் பார்த்து எல்லோரும் பயந்துவிட வேண்டாம். இந்தத் திட்டு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தக் கொழுப்பு நார்மல்தான்.

அதே சமயம், "நார்மல், அப்பாடா" என்று அதோடு விட்டுவிடவும் முடியாது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 12,745 பேரை 1976-78ல் பரிசோதித்து, 2009 வரை தொடர்ந்து கவனித்தார்கள். இமையில் மஞ்சள் திட்டு இருந்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாக இருந்தது. கொலஸ்ட்ரால் அளவைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும்! 2011ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது.

22/
நம் தெற்காசிய உடம்புக்கு மாரடைப்பு மேற்கத்தியரைவிடச் சில வருஷம் முந்தியே வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே திட்டு இருந்தால் இவை:
- கொலஸ்ட்ரால் முழுப் பரிசோதனை
- சர்க்கரை
- தைராய்டு
- கல்லீரல், சிறுநீரில் புரதம் (டாக்டர் தேவை என்று சொன்னால்)
- ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, புகைப்பழக்கம் பற்றி ஒரு நேர்மையான பேச்சு
- குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் நெஞ்சு வலி, திடீர் மரணம் உண்டா என்ற கேள்வி

எல்டிஎல் 190க்கு மேல் இருந்தால் கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பார்த்தே ஆகணும். அப்போது கொடுக்கிற மாத்திரை இதயத்துக்கு. அதை "திட்டு போகலையே" என்று நிறுத்திவிடாதீர்கள்.

23/
கல்யாண வீட்டு அம்மாவுக்கு வருகிறேன்.

"24 நாள்ல இமையில் கை வைக்க மாட்டேன்மா" என்றேன். முகம் சுண்டிப்போச்சு. ஆசிடோ லேசரோ, பொருக்கு உதிர்ந்த பிறகும் சிவப்போ கருமையோ சில வாரம் நிற்கும். மஞ்சள் திட்டுக்குப் பதில் கறுப்புத் திட்டோடு பெண்ணைத் தாரை வார்க்கணும். மேக்கப் போடுகிறவரிடம் கன்சீலர் போடச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு அது போதும் என்றேன்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் கொடுத்தேன். "இதுக்குமா மேடம்?" என்று சலித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

24/
எல்டிஎல் 178. தைராய்டு நன்றாகவே குறைவு. ரெண்டு வருஷமாக இருந்த அசதி, எடை, முடி கொட்டுவது எல்லாம் "கல்யாண டென்ஷன்" கணக்கில் போயிருந்தது. தைராய்டு குறைந்தாலே கொலஸ்ட்ரால் ஏறும். பொது மருத்துவரிடம் அனுப்பினேன். தைராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள், எல்டிஎல் இறங்கத் தொடங்கியது.

கல்யாணம் கன்சீலரோடு நல்லபடியாக முடிந்தது. அப்புறம் நிதானமாக உட்கார்ந்து பேசினோம். தட்டையான சின்னத் திட்டு, செலவும் கட்டுக்குள் இருக்கணும் என்றதால் ஆசிட் என்று முடிவு. இரண்டு தடவை. வலது இமை சுத்தம். இடது இமையில் உற்றுப் பார்த்தால் லேசாக வெளுத்த ஒரு தடம். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவருக்கு வருத்தமில்லை.

25/
நீங்கள் போகும் இடத்தில் கேட்க வேண்டியவை:
- என் திட்டு எவ்வளவு ஆழம்? அதற்கு ஏன் இந்த வழி?
- எத்தனை தடவை? மொத்தம் எவ்வளவு ஆகும்?
- என் நிறத்துக்குக் கருமை, வெளுப்பு வாய்ப்பு என்ன?
- கண்ணை எப்படிப் பாதுகாப்பீர்கள்?
- திரும்ப வந்தால் என்ன செய்வோம்?
- எனக்குக் கொலஸ்ட்ரால் பார்த்தாச்சா?

கடைசிக் கேள்வியை டாக்டர் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். அன்று எனக்கு யாராவது ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

26/
போன வாரம் அந்த அம்மா வந்தார். தைராய்டு ரிப்போர்ட்டைக் காட்ட. மூக்கில் கண்ணாடி இல்லை. கூடவே அவருடைய தங்கை. தங்கைக்கும் இடது கண்ணோரத்தில் மஞ்சளாக ஒரு சின்னப் புள்ளி.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொன்னார்: "முதல்ல பிளட் டெஸ்ட் எழுதுங்க மேடம். ஆசிடெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

உங்கள் வீட்டில், தெருவில் யாருக்காவது இந்தத் திட்டு இருந்தால் இதை அனுப்பி வையுங்கள்.